ஏ, ஆர், டீ: எழுத்துகளை வைத்து ஆங்கிலச் சொல் தேடுவது எப்படி?

அடுத்த வீட்டுச் சிறுமி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு சாயங்காலம் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஏ, ஆர், டீ ஆகிய மூன்று எழுத்துகளும் உள்ள பத்துச் சொற்களை எழுதிவரச் சொல்லியிருந்தார்களாம். ஓவியத்துக்கான ‘ஆர்ட்’, எலிக்கான ‘ராட்’, சாலையில் போடும் ‘டார்’ என்று மூன்றை எழுதியவளுக்கு அதற்குமேல் ஓடவில்லை.

“ஆன்ட்டி, ‘டீச்சர்’னு எழுதலாமா? அதுலயும் மூணு எழுத்தும் இருக்கே. எங்கம்மா கூடாதுன்னு சொல்றாங்க.”

அம்மாவின் கணக்கு வேறு. மூன்றும் சேர்ந்தாற்போல, அதே வரிசையில் வரவேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். பார்ட்டி, கார்ட்டூன், ஸ்டார்ட் போன்ற சொற்களைத்தான் அவர் ஏற்றுக்கொள்வார். மகள் நினைத்ததும் சரி, அம்மா நினைத்ததும் சரி. வீட்டுப்பாடத்தின் கேள்விதான் தெளிவாக இல்லை. ‘இந்த எழுத்துகள் உள்ள சொல்’ என்று சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஐந்தாறு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. குறுக்கெழுத்துப் போடுகிறவர்களும் ஸ்கிராபிள் ஆடுகிறவர்களும் சொல்தேடும் செயலியில் எழுத்துகளைத் தட்டிவிட்டு வேண்டாத பட்டியலைப் பார்த்து விழிக்கிறவர்களும் தடுமாறும் இடம் இதுதான்.

மேலே போவதற்கு முன் எழுத்துப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதும்போது இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் டாக்டர் என்ற சொல்லின் முதலெழுத்தை ‘டி’ என்றும், டீச்சர் என்ற சொல்லின் முதலெழுத்தை ‘டீ’ என்றும் எழுதுகிறேன்.

அந்த மூன்று எழுத்துகளையே வைத்துப் பார்ப்போம். மூன்றும் இடைவெளி இல்லாமல் இதே வரிசையில் வரவேண்டும் என்றால் அது அம்மாவின் கேள்வி. வரிசை மாறக்கூடாது, ஆனால் நடுவில் வேறு எழுத்து புகுந்தால் பரவாயில்லை என்றால் ‘ஏர்போர்ட்’ உள்ளே வந்துவிடும். அதில் ஏ முதலில், பிறகு ஆர், கடைசியில் டீ. எச்சரிக்கையைக் குறிக்கும் ‘அலர்ட்’டும் வரும். வரிசையே வேண்டாம், எங்காவது மூன்றும் இருந்தால் போதும் என்றால் டீச்சர், வாட்டர், தியேட்டர், டிரெயின் எல்லாம் சேரும். இது மகளின் கேள்வி. பட்டியல் மிக நீளமாவது இதில்தான்.

இதுவரை பார்த்த மூன்றிலும் வெளி எழுத்துகளுக்கு இடமுண்டு. கதவைச் சாத்திவிட்டால் கேள்வி அடியோடு மாறும். கையில் உள்ள எழுத்துகளை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரே முறை, ஒன்றுகூட மிச்சமில்லாமல் பயன்படுத்த வேண்டும் என்றால் ஆர்ட், ராட், டார் என்ற மூன்றோடு கிட்டத்தட்ட முடிந்தது. சிலவற்றை விட்டுவிடலாம் என்றால் ஏ, டீ சேர்ந்த இரண்டெழுத்துச் சொல்லும் கிடைக்கும். ஸ்கிராபிள் ஆட்டக்காரர் தன் ஏழு கட்டைகளைப் பார்த்துக் கேட்பது இந்தக் கேள்வி. பிரிட்டனில் 1982 முதல் ஒளிபரப்பாகிவரும் ‘கவுன்ட்டவுன்’ நிகழ்ச்சியில் ஒன்பது எழுத்துகளைக் கொடுத்து முப்பது நொடி நேரம் தருவதும் இதே கேள்விக்குத்தான். எழுத்து அதே மூன்றுதான், ஆனால் ஒன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்றால் இன்னொரு பட்டியல் பிறக்கும். இனிப்புப் பண்டமான ‘டார்ட்’ வரும். நம் ஊர்க் கடைவீதியில் மணக்கும் அத்தரும் வரும். அத்தரை ஆங்கிலத்தில் ஏ-டீ-டீ-ஏ-ஆர் என்றுதான் எழுதுகிறார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ‘ஸ்பெல்லிங் பீ’ விளையாட்டு இந்த வகை. தேன்கூடு போன்ற ஏழு அறைகளில் ஏழு எழுத்து இருக்கும், நடு எழுத்து கட்டாயம் வரவேண்டும், எதையும் திரும்பப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, இடம் குறித்த கேள்வி. குறுக்கெழுத்தில் ஐந்து கட்டம், இரண்டாவதில் ஏ, கடைசி இரண்டில் இ, ஆர் என்று தெரிந்துவிட்டால் வாட்டர், பேப்பர், லேசர், லேட்டர், மேக்கர் என்று வரிசைகட்டும். ஜோஷ் வார்டில் உருவாக்கி 2021இல் உலகெங்கும் பரவிய ‘வேர்டில்’ விளையாட்டு இந்தக் கேள்விகளில் சிலவற்றை ஒன்றாகப் பின்னியது. பச்சை நிறம் வந்தால் எழுத்தும் சரி, இடமும் சரி. மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் வேறு. சாம்பல் என்றால் அந்த எழுத்தே இல்லை.

இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, தேடுவது.

டீச்சர் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஏ, சி, இ, இ, ஹெச், ஆர், டீ என்று ஏழு எழுத்துகள். இவற்றை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? ஏழும் வேறுவேறாக இருந்தால் 5,040. ‘இ’ இரண்டு முறை வருவதால் அதில் பாதி, 2,520. நொடிக்கு ஒன்று என்று எழுதிப் பார்த்தால் 42 நிமிடம் ஆகும். மனிதர் யாரும் அப்படித் தேடுவதில்லை, தேடவும் கூடாது.

பழகியவர்கள் முதலில் ஒட்டிப் பிறந்த எழுத்துகளைச் சேர்த்து வைப்பார்கள். ஆங்கிலத்தில் சியும் ஹெச்சும் ஒன்றாக வர விரும்புபவை. டீயும் ஹெச்சும் அப்படித்தான். சொல்லின் கடைசியில் இ, ஆர் வந்து உட்காருவது அந்த மொழியின் வழக்கம், ஒரு செயலைச் செய்பவரைக் குறிக்கும் விகுதி அது. ஐ-என்-ஜி என்பது இன்னொரு வால். முன்னால் ஒட்டுபவற்றில் ஆர்-இ, யூ-என், டி-ஐ-எஸ் மூன்றையும் அடிக்கடி பார்க்கலாம். வாலையும் தலையையும் தனியே எடுத்து வைத்தால் நடுவில் மூன்று, நான்கு எழுத்துதான் மிஞ்சும். அதைக் கண் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். நம் ஏழு எழுத்துகளில் இ-ஆர் வாலைப் பிரித்தால் மிச்சம் ஐந்து. அதில் சி-ஹெச்சை ஒட்டி வைத்தால் ‘டீச்’ என்ற வினை தெரிகிறது. அதே ஜோடியை முன்னால் கொண்டுபோனால் ‘சீட்’. ஆக, டீச்சர் என்ற சொல்லுக்குள் ஏமாற்றுக்காரரைக் குறிக்கும் ‘சீட்டர்’ இருக்கிறார்!

இன்னொரு சொல்லும் இருக்கிறது. நிலம் வாங்கி விற்கும் எல்லோருக்கும் தெரிந்த ‘ஹெக்டேர்’. ஹெச்-இ-சி-டீ-ஏ-ஆர்-இ. அதே ஏழு எழுத்துகள்தான். இதைக் கண்டுபிடிக்கத்தான் எல்லோரும் திணறுவார்கள். சொல் ஒன்றும் அரிதானதல்ல. சியையும் ஹெச்சையும் ஒட்டி வைத்தோமே, அந்த ஒட்டுதான் மறைக்கிறது. கடைசியில் இ-ஆர் என்று எடுத்து வைத்த வால் இங்கே ஆர்-இ என்று திரும்பி நிற்கிறது. எனவே ஒரு வழியில் தேடித் தீர்ந்ததும் அந்த ஒட்டுகளை உடைத்துவிட வேண்டும். ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் கட்டைகளை ஓயாமல் கலைத்துக் கலைத்து அடுக்குவது இதற்காகத்தான். காகிதத்தில் தேடுகிறவர்கள் எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதிப் பார்க்கலாம். வரிசையாக எழுதியதை மனம் ஒரு சொல்லாகவே படிக்கப் பார்க்கும். வட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எழுத்துகளில் அரிதானது ஒன்று இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். எது அரிது என்பதற்கு ஸ்கிராபிள் கட்டைகளே அத்தாட்சி. அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் இந்த விளையாட்டை உருவாக்கியபோது, நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணிக் கணக்கெடுத்தார். ஆங்கில ஆட்டத்தில் மொத்தம் 100 கட்டைகள். அதில் ‘இ’ மட்டும் 12, மதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு புள்ளி. கியூவும் இசட்டும் ஒவ்வொன்றே, மதிப்பு பத்துப் பத்துப் புள்ளி. ஆகவே கையில் இ, ஏ, எக்ஸ் இருந்தால் எக்ஸைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். ‘இ’யைப் பிடித்தால் கடலில் இறங்கியது போல.

நமக்கு, அதாவது தமிழ் படித்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு தனிச் சிரமம் உண்டு. நாம் சொல்லைக் காதால் தேடுகிறோம். தமிழில் அது பெரும்பாலும் பலிக்கும். ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் அப்படி ஒரு உடன்பாடு இல்லை. ஹெச் இரண்டு முறை வரும் ஒரு சொல் சொல் என்றால் ‘ரிதம்’ யாருக்கும் நினைவுக்கு வராது, ஏனெனில் அதில் ஹெச் காதில் விழுவதே இல்லை. எழுதிப் பாருங்கள்: ஆர்-ஹெச்-ஒய்-டீ-ஹெச்-எம். முழங்காலைக் குறிக்கும் ‘நீ’, கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ இரண்டிலும் முன்னால் ஒரு கே வாய் திறக்காமல் நிற்கிறது. எழுத்துத் தேடலில் இறங்கும்போது சொல்லைச் சொல்லிப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, எழுதிப் பார்க்கப் பழக வேண்டும். அந்தச் சிறுமியிடமும் இதைத்தான் சொன்னேன்.

சேர்ந்து வரவே முடியாது என்று தோன்றும் எழுத்துகளைத் தேடச் சொன்னால் ஒரு சூட்சுமம் உதவும். ஹெச்-டீ-ஹெச் என்று அடுத்தடுத்து வரும் சொல் எது? கே-ஜி-ஆர்? டபிள்யூ-கே-டபிள்யூ? இப்படி ஒரு கூட்டம் ஒரே அசைக்குள் அடங்காது. ஆகவே சொல் அங்கே எங்கோ இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். ஹெச்-டீயை முன்பாதியின் வாலாகவும் கடைசி ஹெச்சைப் பின்பாதியின் தலையாகவும் பிரித்தால் ‘லைட்’, ‘ஹவுஸ்’ இரண்டும் சேர்ந்த லைட்ஹவுஸ் வந்துவிடும். கேக்குப் பின்னால் பிரித்தால் ‘பேக்’, ‘கிரவுண்ட்’ சேர்ந்த பேக்கிரவுண்ட். மூன்றாவது, சங்கடத்தைக் குறிக்கும் ‘ஆக்வர்ட்’. நமக்குப் புணர்ச்சி இலக்கணம் பழக்கம் என்பதால் சொல்லை எங்கே உடைப்பது என்று பார்க்கும் கண் இயல்பாகவே உண்டு. அதை இங்கேயும் பயன்படுத்தலாம். எக்ஸ்-ஒய்-இசட் மூன்றும் அதே வரிசையில் ஒட்டி வரும் சொல்கூட உண்டு. அரிப்புக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் ஹைட்ராக்சிசின் மாத்திரையின் அட்டையைப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு கணினி எப்படிச் செய்கிறது? அச்சிட்ட அகராதியால் இது முடியாது. அது முதலெழுத்தைப் பார்த்து அடுக்கப்பட்டது, முதலெழுத்து தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும். எப்படி அடுக்கியிருக்கிறதோ அப்படித்தான் தேட முடியும். நம் நிகண்டுகளிலேயே இதைப் பார்க்கலாம். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியது. செய்யுள் கட்டுகிற புலவருக்கு அந்த அடுக்குதான் தேவை. பிறகு 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசைக்கு வந்தது. தேடுகிறவரின் கேள்வி மாறியதும் அடுக்கும் மாறியது.

கலைந்த எழுத்துகளிலிருந்து சொல் தேட இன்னொரு அடுக்கு வேண்டும். அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் மாற்றி எழுதி, அதையே அந்தச் சொல்லின் முகவரியாக வைத்துக்கொள்வது. கவனித்துக் கேட்பதைக் குறிக்கும் ‘லிசன்’, அமைதியைக் குறிக்கும் ‘சைலன்ட்’, படையில் சேர்வதைக் குறிக்கும் ‘என்லிஸ்ட்’, மினுமினுக்கும் ஜிகினாவான ‘டின்சல்’ நான்கையும் இப்படி மாற்றினால் எல்லாமே இ-ஐ-எல்-என்-எஸ்-டீ என்று ஒரே முகவரிக்குப் போய்ச் சேரும். நீங்கள் தரும் ஆறு எழுத்துகளையும் கணினி அப்படியே அடுக்கிக்கொண்டு அந்த முகவரியின் கதவைத் தட்டுகிறது. உள்ளே இருக்கும் நால்வரும் ஒன்றாக வெளியே வருகிறார்கள். 720 வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் வேலையே அங்கே இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த வழி பகா எண்களை வைத்துச் செய்வது. பள்ளிக் கணக்கு போதும். ஏக்கு 2, ஆருக்கு 3, டீக்கு 5, டபிள்யூவுக்கு 7, இக்கு 11 என்று கொடுங்கள். சொல்லில் உள்ள எழுத்துகளின் எண்களைப் பெருக்கினால் அந்தச் சொல்லின் எண் கிடைக்கும். ஆர்ட், ராட், டார் மூன்றுக்கும் 30. வரிசை மாறினாலும் பெருக்கல் மாறாதல்லவா? வாட்டருக்கு 7, 2, 5, 11, 3 பெருக்கினால் 2,310. அதை 30ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 77 வருகிறது. மீதி இல்லை என்பதால் வாட்டருக்குள் ஏ, ஆர், டீ மூன்றும் உண்டு. 77 என்பது 7 பெருக்கல் 11. அதாவது மூன்றையும் எடுத்தபின் எஞ்சியவை டபிள்யூவும் இயும். அத்தருக்கு 300, அதுவும் 30ஆல் வகுபடும், ஈவு 10. ஒரு ஏயும் ஒரு டீயும் கூடுதல் என்று அந்தப் பத்தே சொல்லிவிடுகிறது. ஓர் எண்ணைப் பகா எண்களாக ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும் என்ற பழைய கணித உண்மைதான் இத்தனைக்கும் ஆதாரம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் காட்டினால் பகா எண் எதற்கு என்று பிறகு கேட்காது.

சேர்ந்து வரும் எழுத்துகளையோ இடம் தெரிந்த எழுத்துகளையோ தேட, கணினிகளில் வேறு வழி உண்டு. கென் தாம்ப்சன் 1973 வாக்கில் பெல் ஆய்வகத்தில் எழுதிய ‘கிரெப்’ என்ற சிறு நிரல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வார்ப்புருவைக் கொடுத்தால் சொற்பட்டியலை வரிவரியாகப் படித்துப் பொருந்துவதைக் காட்டும். பல சொல்தேடும் செயலிகளில் கேள்விக்குறி போட்டால் ஏதோ ஓர் எழுத்து என்று பொருள், நட்சத்திரக் குறி போட்டால் எத்தனை எழுத்தானாலும் சரி என்று பொருள். நட்சத்திரம், ஏ-ஆர்-டீ, நட்சத்திரம் என்று தட்டினால் அம்மாவின் பட்டியல் வரும். ஒரே எழுத்து இரண்டு முறை வேண்டுமென்றால் இரண்டு முறை தட்ட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். எந்த அகராதியை வைத்துத் தேடுகிறது என்பதையும் பாருங்கள். உலகப் போட்டிகளுக்கான காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலில் ஏறத்தாழ 2.8 லட்சம் சொற்கள் உள்ளன. அமெரிக்கப் பட்டியல் அதைவிடச் சிறியது. வண்ணத்தைக் குறிக்கும் ‘கலர்’ என்ற சொல்லில் பிரிட்டனில் யூ உண்டு, அமெரிக்காவில் இல்லை.

பொருளே தெரியாமல் எழுத்துகளை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நைஜல் ரிச்சர்ட்ஸ் சாட்சி. நியூசிலாந்தில் பிறந்த அவர் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். பிரெஞ்சு அவருக்குப் பேசத் தெரியாது. சொற்பட்டியலைச் சில வாரங்கள் மனப்பாடம் செய்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அவர் திறமையின் முன் தலைவணங்குகிறேன். ஆனாலும் எனக்கு இந்தத் தேடலில் ருசி, பட்டியல் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. ஏனென்றால் எழுத்துக் கூட்டம் ஒரு சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கியூவுக்குப் பின்னால் யூ வரும் என்று பள்ளியில் படித்தோம். அரசியைக் குறிக்கும் ‘குவீன்’ பழைய ஆங்கிலத்தில் சி, டபிள்யூ சேர்த்துத்தான் எழுதப்பட்டது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு முறைப்படி எழுதிய எழுத்தர்கள் கியூவையும் யூவையும் கொண்டுவந்தார்கள். கியூவுக்குப் பின்னால் யூ வராத சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள். தலாக், நிகாப், புர்கா என்று அரபி வழியே வந்தவை நிற்கும். ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களை எத்தனையோ முறை காப்பாற்றிய கியூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல் நிற்கும், அது உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல். ஆர்-ஹெச்சில் தொடங்கினால் பெரும்பாலும் கிரேக்கம்: ரிதம், காண்டாமிருகத்துக்கான ‘ரைனோசரஸ்’, மூட்டுவலிக்கான ‘ருமாட்டிசம்’. கே-என்னில் தொடங்கும் ‘நீ’யும் ‘நைஃப்’பும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை. சில நூற்றாண்டுகளுக்கு முன்வரை அந்தக் கே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

ஏ நான்கு முறை வரவேண்டும், வேறு உயிரெழுத்து ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று தேடினேன். மகாராஜா வந்தார். ஊதாப் பூ உதிர்க்கும், தென் அமெரிக்கப் பெயர் கொண்ட ஜாகரண்டா மரம் வந்தது. கூடவே ‘காட்டமரான்’. சி-ஏ-டீ-ஏ-எம்-ஏ-ஆர்-ஏ-என். நம் கட்டுமரம்தான்.

சிறுமிக்குக் கடைசியில் பன்னிரண்டு சொற்கள் கிடைத்தன. டீச்சரையும் சேர்த்துக்கொண்டாள். நான் சொன்னபடி நோட்டின் மேலே, ‘எழுத்துகள் எந்த வரிசையிலும் வரலாம் என்று எடுத்துக்கொண்டேன்’ என்று ஒரு வரி எழுதிவைத்தாள். காட்டமரானையும் எழுதச் சொன்னேன். அதிலும் ஏ, ஆர், டீ மூன்றும் இருக்கின்றன.

அவள் போனபிறகு சும்மா இருக்க முடியாமல் டபிள்யூ-என்-ஒய் என்று முடியும் சொற்களைத் தேடினேன். பழுப்பு நிறத்துக்கான ‘டானி’, தசை திரண்டவரைச் சொல்லும் ‘பிரானி’, எலும்பும் தோலுமானவரைச் சொல்லும் ‘ஸ்கிரானி’, இறகுபோல் மெத்தென்றிருப்பதற்கான ‘டவுனி’. எல்லாம் ஐந்து, ஆறு, ஏழு எழுத்துச் சொற்கள். அவற்றின் நடுவில் பன்னிரண்டு எழுத்தோடு நீண்டு நின்றது ‘முல்லிகடானி’, மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் சூப் என்று குடித்த மிளகுத்தண்ணி.